"அட்மின்" என்ற ஒரே சாவியில் திறந்த 60 ஆயிரம் பூட்டுகள்!

ரவுட்டருக்குள் புகுந்து பைல்களை அழித்த மர்ம ஆசாமி
ஓசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது, இந்தப் பக்கம் நடக்காதா?

ஓசூர்,-

ஜூஜுவாடியில் போலீசார் லாரியை மறித்துச் சோதனை போடலாம். அத்திப்பள்ளியில் கார் டிக்கியைத் திறந்து பார்க்கலாம். ஆனால் டெலிபோன் ஒயர் வழியாக வீட்டுக்குள் வருகிற திருடனை எந்தச் சாவடியில் நிறுத்துவது?

அப்படி ஒரு திருடன் 2017-ம் ஆண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் வந்தான். நகையைத் தொடவில்லை. பணத்தைத் தொடவில்லை. அலமாரி மேல் இருந்த இன்டர்நெட் பெட்டியை மட்டும் பிணமாக்கிவிட்டுப் போய்விட்டான்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

சிவப்பு விளக்கு

2017 ஜூலை மாதக் கடைசி வாரம். ஓசூரில் இருந்து 40 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள பெங்களூர் உள்பட கர்நாடகப் பகுதிகளில், பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களுக்குத் திடீர் என்று இன்டர்நெட் நின்றது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டாலும் அதே சிவப்பு விளக்கு!

நெட் நின்றால் நாம் என்ன நினைப்போம்? "ரோட்டைத் தோண்டி இருப்பாங்க. கேபிள் அறுந்திருக்கும்" என்போம். இது அப்படி அல்ல. கேபிள் நன்றாக இருந்தது. எக்ஸ்சேஞ்சும் நன்றாக இருந்தது. பெட்டிதான் செத்துப் போயிருந்தது.

60 ஆயிரம் மோடம்கள் முடங்கின என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. பி.எஸ்.என்.எல். தலைவராக இருந்த அனுபம் ஸ்ரீவத்சவா, பாஸ்வேர்டை மாற்றாத சுமார் 2 ஆயிரம் மோடம்கள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார். கணக்கு எப்படி இருந்தாலும் காரணம் ஒன்றுதான். அந்த மோடம்களில் பாஸ்வேர்டு "அட்மின்" என்று இருந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்தது. வாங்கியவர்கள் மாற்றவே இல்லை.

ஒரு தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. சாவியின் பெயரோ ஊருக்கே தெரியும். திருடனுக்கு வேறு என்ன வேண்டும்?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ரவுட்டர் என்றால் விளக்கு எரிகிற பெட்டி, நெட் கொடுக்கிற பெட்டி என்றுதான் பல பேர் நினைத்துக் கொண்டு இருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டருக்கு உள்ளது போல அதற்கும் மூளை உண்டு. நினைவுச் சில்லு உண்டு. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் "லினக்ஸ்" என்ற சாப்ட்வேர்தான் ஓடுகிறது. பெரிய பெரிய சர்வர்களில் ஓடுகிற அதே ரகம்!

அந்தச் சில்லுக்குள் பைல்கள் வரிசையாக இருக்கின்றன. பெட்டியை எழுப்பி உட்கார வைக்கிற பைல் ஒன்று. யார் உள்ளே வரலாம் என்ற பெயர்ப் பட்டியல் ஒன்று. உங்கள் பிராட்பேண்ட் கணக்கின் பெயர், வைபை பாஸ்வேர்டு எல்லாம் எழுதி வைத்த பைல் ஒன்று.

இந்தப் பைல்களைப் போய்ப் பார்க்க வழிகள் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் 192.168.1.1 என்பது போன்ற எண்ணை அடித்தால் ஒரு பக்கம் வரும். அது வாசல் கதவு. "டெல்நெட்" என்று இன்னொரு வழி. அது கொல்லைப்புறக் கதவு. அந்த வழியாகப் போனால் படம், பட்டன் எதுவும் இருக்காது. கட்டளை அடித்தால் பைல் தெரியும். "அழி" என்று கட்டளை போட்டால் பல மாடல்களில் மறுபேச்சு இல்லாமல் அழிந்துவிடும்.

ரிப்பேர் செய்வதற்காக வைத்த கதவு அது. பல பெட்டிகளில் அந்தக் கொல்லைக் கதவு தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அதுதான் வினை!

"துப்புரவுத் தொழிலாளி"யின் கைவரிசை

கர்நாடகத்தில் மோடம்கள் முடங்கிய சில நாட்களில், "நான்தான் செய்தேன்" என்று ஒரு ஆசாமி இன்டர்நெட்டில் மார்தட்டினான். அவன் வைத்துக் கொண்ட பெயர் "ஜானிட்டர்". துப்புரவுத் தொழிலாளி என்று அர்த்தம். சொந்தப் பெயரை அவன் வெளியிடவே இல்லை.

அவன் தயாரித்த விஷ புரோகிராமின் பெயர் "பிரிக்கர்பாட்". பெட்டியைச் செங்கல் ஆக்குவது என்று பொருள். 2017 ஏப்ரல் மாதமே ராட்வேர் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைக் கண்டுபிடித்து எச்சரித்து இருந்தது.

அது வேலை செய்யும் விதம் கொடூரமானது. முதலில் தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கும். "அட்மின்" என்று சொல்லிப் பார்க்கும். கதவு திறந்தால் உள்ளே போய், நினைவுச் சில்லில் கண்டபடி குப்பையை எழுதும். பைல்களை அழிக்கும். வெளியே போகும் வழியைத் துண்டிக்கும். கடைசியில் பெட்டியை அணைத்துப் போடும். மறுபடி எழுந்திருப்பதற்குப் பைல் இருக்காது.

எதற்காக இந்தப் பாவம்? அவன் சொன்ன நியாயம் வேடிக்கையானது. "பாஸ்வேர்டு மாற்றாத பெட்டிகளைக் கெட்டவர்கள் பிடித்து அடியாளாக வைத்துக் கொள்கிறார்கள். அதற்கு முன்னால் நானே கொன்றுவிடுகிறேன்" என்பதுதான் அவன் வாதத்தின் சாரம். ஒரு கோடிப் பெட்டிகளை முடக்கியதாகவும் பெருமை அடித்துக் கொண்டான்.

வீட்டில் திருடன் புகுந்துவிடுவான் என்று வீட்டையே கொளுத்துகிற கதை இது!

அடியாள் படை

ஆனால் அவன் சொன்னதில் ஒரு பாதி உண்மை.

2016-ம் ஆண்டு அமெரிக்காவில் "மிராய்" என்ற விஷ புரோகிராம் கிளம்பியது. 60-க்குச் சற்று அதிகமான பெயர் - பாஸ்வேர்டு ஜோடிகள்தான் அதன் ஆயுதம். அதை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து அடியாள் படை ஆக்கியது. 2016 அக்டோபர் 21-ந் தேதி இந்தப் படை நடத்திய தாக்குதலில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே திணறின. மிராயை எழுதியவர்கள் யார் தெரியுமா? மூன்று வாலிபர்கள். 2017-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள்.

2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் 9 லட்சம் பேருக்கு நெட் போனது. ரவுட்டர்களைப் பிடிக்க நடந்த முயற்சியில் அவை முடங்கிப் போயின. அந்தக் குற்றவாளி லண்டன் அருகே லூட்டன் விமான நிலையத்தில் பிடிபட்டான். கொலோன் நகரக் கோர்ட்டு அவனுக்கு நிறுத்தி வைத்த சிறைத் தண்டனை கொடுத்தது. அதுவும் 2017 ஜூலை மாதக் கடைசியில்தான்! இங்கே மோடம்களில் சிவப்பு விளக்கு எரிந்து கொண்டிருந்த அதே நேரம்.

பட்டியலையே திருடினார்கள்

பாஸ்வேர்டு மாற்றியவர்களும் தப்பாத சம்பவம் ஒன்று உண்டு.

மைக்ரோடிக் என்பது லாட்வியா நாட்டு ரவுட்டர். அதன் சாப்ட்வேரில் 2018-ல் ஒரு ஓட்டை வெளியானது. பாஸ்வேர்டே இல்லாமல், வெளியில் இருந்தபடியே ரவுட்டரின் பைலைப் படிக்கலாம். எந்தப் பைல்? யார் யார் உள்ளே வரலாம் என்று பெயரும் பாஸ்வேர்டும் எழுதி வைத்த பைல்!

கம்பெனி ஏப்ரல் மாதமே ஓட்டையை அடைத்துப் புதுச் சாப்ட்வேர் கொடுத்தது. பல பேர் போடவில்லை. பிரேசிலில் தொடங்கி பல நாடுகளில் ரவுட்டர்கள் பிடிபட்டன. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கில் சிக்கின. அந்த ரவுட்டர் வழியாக நெட் பார்த்தவர்களின் கம்ப்யூட்டரை, அவர்களுக்கே தெரியாமல் டிஜிட்டல் நாணயம் தோண்ட வைத்தார்கள். கம்ப்யூட்டர் சூடேறும். கரண்ட் பில் ஏறும். காசு வேறு எவனுக்கோ போகும்.

போலீஸ் வீட்டுக்கு வரும்

நெட் போனால் நாலு நாள் சிரமம். பெயர் போனால்?

2008 ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு பத்திரிகை, டெலிவிஷன் நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் ஈ-மெயில் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடிப் போனார்கள். நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்!

அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பாதுகாப்பு இல்லாத அவருடைய வைபையை வேறு ஆசாமிகள் பயன்படுத்தி இருந்தார்கள். அது விசாரணையில் தெரிவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் அல்ல.

ஓசூரில் நின்றால்...

இனி நம் ஊருக்கு வருவோம்.

சிப்காட்டைச் சுற்றி இருக்கிற ஒரு சின்ன லேத் பட்டறையை எடுத்துக் கொள்வோம். நாலு மிஷின், ஆறு தொழிலாளி, ஒரு ரவுட்டர். பெரிய கம்பெனியின் டிராயிங் ஈ-மெயிலில் வருகிறது. பில் கம்ப்யூட்டரில் போகிறது. கேமராவும் அந்த ரவுட்டரில்தான் மாட்டி இருக்கிறது.

பெங்களூருக்கு 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்ப வேண்டுமானால் 2018 ஏப்ரல் முதல் ஈ-வே பில் கட்டாயம். அது இன்டர்நெட்டில் எடுக்க வேண்டியது. மாலை 6 மணிக்கு ரவுட்டர் செத்தால் என்ன ஆகும்? பில்லை எப்படியோ செல்போனில் எடுத்துவிடலாம். லாரி போய்விடும். ஆனால் டிராயிங் வராது. ராத்திரி ஷிப்டு நிற்கும். கேமராவும் குருடாகும்.

"அட, நம்ம பட்டறையில எவன் வந்து பார்க்கப் போறான்?" என்று கேட்பவர்கள் உண்டு. பார்ப்பது ஆள் அல்ல, புரோகிராம். அதற்குப் பெரிய கம்பெனி, சின்னப் பட்டறை என்ற பேதம் கிடையாது. கர்நாடகப் பதிவா, தமிழ்நாட்டுப் பதிவா என்றும் பார்க்காது.

இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலைக்காக வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த ஊரில் அதிகம். வீடு மாறும்போது ரவுட்டரை அடுத்தவருக்கே விட்டுவிட்டுப் போவார்கள். அல்லது காயலான் கடையில் போடுவார்கள். பெட்டிதான் போகிறது என்று நினைக்காதீர்கள். உங்கள் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் பைலாக உள்ளேயே போகிறது!

சொந்தப் பெட்டியைத் திறக்கலாமா?

தாராளமாகத் திறக்கலாம். காசு கொடுத்து வாங்கிய உங்கள் ரவுட்டரின் பைல்களை நீங்கள் பார்ப்பது குற்றம் அல்ல. 2003-ல் லிங்சிஸ் என்ற கம்பெனியின் நீல நிற ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவது தெரிய வந்தது. லைசென்ஸ் விதிப்படி அதன் மூலப் புரோகிராமை வெளியிட வேண்டியதாயிற்று. அதில் இருந்து கிளைத்து வந்ததுதான் "ஓபன்டபிள்யு.ஆர்.டி." என்ற இலவச சாப்ட்வேர். கம்பெனி கைவிட்ட பழைய ரவுட்டர்கள் பல இன்றும் அதனால் உயிரோடு ஓடுகின்றன.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நெட் கம்பெனி வாடகைக்குக் கொடுத்த பெட்டி அவர்கள் சொத்து. அதில் கை வைத்துப் பைல் கெட்டால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

அடுத்தவன் பெட்டியில் கை வைத்தாலோ அது வேறு கதை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவும் 66-வது பிரிவும் பாயும். மூன்று ஆண்டு வரை ஜெயில், அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். "சும்மா விளையாட்டுக்கு மாடி வீட்டுக்காரர் வைபையில் நுழைந்தேன்" என்று சொன்னால் எடுபடாது.

என்ன செய்ய வேண்டும்?

இன்று ராத்திரி கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதல் வேலை, ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றுவது. வைபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, டெல்நெட், வெளியில் இருந்து நிர்வகிக்கும் வசதி ஆகியவை "ஆன்" என்று இருந்தால் அணைப்பது. தெரியாவிட்டால் லைன் கொடுத்தவரைக் கூப்பிட்டு, "கொல்லைக் கதவு சாத்தி இருக்கா?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, புதுச் சாப்ட்வேர் வந்திருக்கிறதா என்று பார்த்துப் போடுவது. போடும்போது கரண்டை நிறுத்தக் கூடாது. பாதியில் நின்றால் எந்தத் திருடனும் வராமலே பெட்டி செங்கல் ஆகிவிடும்!

நான்காவது, பெட்டியைக் கை மாற்றும் முன்பு பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை விட்டுப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது. நீங்களே தொடர்ந்து வைத்துக் கொள்வதாக இருந்தால், அழுத்திய பிறகு பாஸ்வேர்டை மறுபடி மாற்ற மறக்காதீர்கள். அழுத்தியதும் பல மாடல்களில் அது திரும்பவும் "அட்மின்" ஆகிவிடும்.

ரவுட்டரின் அமைப்புகளைப் பைலாகச் சேமித்து வைத்திருந்தால் அதையும் பத்திரப்படுத்த வேண்டும். சில மாடல்களில் அந்தப் பைலைத் திறந்தாலே பாஸ்வேர்டு அப்படியே தெரியும்.

மோசடி நடந்து பணம் போனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் புகார் கொடுக்கலாம்.

வாசல் கதவுக்கு 800 ரூபாயில் பூட்டு வாங்குகிறோம். ராத்திரி படுக்கும் முன்பு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறோம். அலமாரி மேல் பச்சை விளக்கோடு கண் சிமிட்டுகிற அந்தப் பெட்டியின் கதவை எத்தனை பேர் இழுத்துப் பார்த்தோம்?

கர்நாடகத்தில் அன்று சிவப்பு விளக்கு எரிந்த வீடுகளிலும், அதற்கு முந்தைய நாள் பச்சை விளக்குதான் எரிந்து கொண்டிருந்தது.