வலை அணுகல்தன்மை

வலை அணுகல்தன்மை என்பது, மாற்றுத்திறனாளிகளும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தக்கூடிய வகையில் வலைத்தளங்களை அமைத்தலைக் குறிக்கும். பார்வை, செவிப்புலன், உடலியக்கம், அறிதிறன் ஆகியவற்றில் குறைபாடு உடையோர் இதனால் பயன்பெறுகின்றனர்.

திரைவாசிப்பான்

பார்வையற்றோர் பலர் திரைவாசிப்பான் எனும் மென்பொருளின் உதவியுடன் கணினியைப் பயன்படுத்துகின்றனர். ஆஸ்திரேலியாவில் 2006 இல் தொடங்கப்பட்ட என்விடிஏ இவ்வகையைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் ஆகும். திரைவாசிப்பான் பக்கத்தின் குறிமொழியில் உள்ள உரையை எடுத்துப் பேச்சொலியாகவோ பிரெயில் எழுத்தாகவோ தருகின்றது. படத்துக்கு மாற்று உரை எழுதப்படாவிடின், பயனர் அதன் கோப்புப் பெயரை மட்டுமே கேட்க நேரிடலாம். தலைப்பைத் தலைப்பு எனக் குறிக்காமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால், பகுதிவிட்டுப் பகுதி தாவ இயலாது. "இங்கே சொடுக்குக" எனும் இணைப்பும் இத்தகையதே. இணைப்புகளை மட்டும் பட்டியலிட்டுக் கேட்பவருக்கு அது பத்து முறை ஒலித்தாலும் எங்கு செல்கின்றது என்பது விளங்காது.

சுட்டியைப் பிடிக்க இயலாதோர்க்கு விசைப்பலகை வழி இயக்கமும், செவிப்புலன் குறைந்தோர்க்கு நிகழ்படங்களில் துணையுரையும் தேவை.

வழிகாட்டிகள்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டிகளை 1999 இல் முதன்முதலாக வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2008 இலும், அதன் திருத்தமான 2.2 பதிப்பு 2023 இலும் வெளிவந்தன. இவற்றின் இடைநிலைத் தரப்படி, வழமையான அளவிலுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 ஆக இருத்தல் வேண்டும்.

சிட்னி ஒலிம்பிக் வழக்கு

பார்வையற்றவரான புரூசு மகுவயர், சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் வலைத்தளத்தைத் தம்மால் பயன்படுத்த இயலவில்லை என 1999 இல் ஆஸ்திரேலிய மனித உரிமைகள் மற்றும் சமவாய்ப்பு ஆணையத்தில் முறையிட்டார். படங்களுக்கு மாற்று உரை, விளையாட்டுகளின் அட்டவணைப் பக்கத்துக்குச் செல்லும் வழி, போட்டி முடிவுகளைப் படிக்கும் வசதி ஆகியவையே அவர் கேட்டவை. திருத்தம் செய்ய ஓராண்டுக்கு மேலும் 20 இலட்சம் டாலருக்கு மேலும் ஆகும் எனக் குழு வாதிட்டது. முறையீட்டாளர் தரப்பு வல்லுநர்கள் சில வாரங்களே போதும் என்றனர்.  மகுவயருக்குச் சார்பாக 2000 ஆகத்தில் தீர்ப்பு வந்தது. குழு அதனை முழுமையாக நிறைவேற்றாமையால், போட்டிகள் முடிந்தபின் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்க ஆணையிடப்பட்டது. அதற்குள் முடிவுகளை உடனுக்குடன் அறியும் வாய்ப்பு கடந்துவிட்டது.

தமிழ்ப் பக்கங்கள்

தமிழில் இச்சிக்கலுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஒருங்குறி பரவும் முன்னர் பல தளங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தின. அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. "அம்மா" எனத் திரையில் தெரிந்த சொல், கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகியிருந்தது. திரைவாசிப்பானுக்கு எட்டியதும் அதுவே. ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட பக்கங்களில் இத்தடை நீங்கியது. ஆயினும் படமாக வருடி ஏற்றப்படும் அறிவிப்புகளும் பழைய நூல்களும், எழுத்துணரி வழியே உரையாக்கிப் பிழை திருத்தப்பட்ட பின்னரே பார்வையற்ற வாசகருக்குச் சரியாகக் கேட்கும்.