மூன்று முடிச்சும் நான்கு செல்லும்

தில்லியில் நம்மவர் வீட்டுக் கல்யாணங்களிலும் சங்க விழாக்களிலும் கேமராவும் கையுமாக நிற்கும் என்னிடம் அன்பர்கள் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "ஃப்ளாஷுக்கு ரீசார்ஜ் செல்லா போடுகிறீர்கள்? ஆல்கலைன் 1.5 வோல்ட், இது 1.2 தானே! வெளிச்சம் குறையாதா?"

குறையாது. ஃப்ளாஷ் விளக்கு செல்லிலிருந்து நேராக எரிவதில்லை. உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, அதைத்தான் ஒரே நொடியில் கொட்டுகிறது. 'கீ...' என்று மெல்லிய ஒலி கேட்கிறதே, அது அந்தத் தொட்டி நிரம்பும் சத்தம். நிரப்புவது மட்டுமே செல்லின் வேலை. ஆல்கலைன் வாய் குறுகிய செம்பு; அவசரமாகக் கவிழ்த்தால் தண்ணீர் தடுமாறித்தான் வரும். அதன் உள்தடை அதிகம், பளு ஏறியதும் வோல்ட் சரிந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லோ வாய் அகன்ற வாளி.

2008இல் வந்த நிக்கான் எஸ்பி-900 ஃப்ளாஷுக்கு அந்த நிறுவனமே கொடுத்த கணக்கு: முழு வெளிச்சம் அடித்தபின் மறுபடி தயாராகப் புது ஆல்கலைனுக்கு 4 நொடி, ரீசார்ஜ் செல்லுக்கு 2.3 நொடி. ஆல்கலைன் பாதி தீர்ந்தபின் அந்த 4 நொடி இன்னும் நீளும்.

இரண்டு நொடியில் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்கிறீர்களா? கெட்டிமேளம் முழங்குகிறது. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, அடுத்த இரண்டையும் நாத்தனார் போடுகிறாள். அட்சதை நம் தலையிலும் லென்ஸிலும் விழுகிறது. பெண்ணின் அப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அத்தனையும் சில நொடிகள். "இன்னொரு தடவை கட்டுங்கள், ஃப்ளாஷ் தயாராகவில்லை" என்று யாரிடம் சொல்வது?

பழைய ரீசார்ஜ் செல்கள் பெட்டியில் கிடந்தே வற்றிப்போகும். நவராத்திரிக்குச் சார்ஜ் செய்தது பொங்கலுக்கு உதவாது. 2005இல் சான்யோ எனலூப் வந்தபின் அந்தக் குறை பெரிதும் நீங்கிற்று. இப்போது அது பானசோனிக் பெயரில் வருகிறது. மேலே அச்சிட்ட பெரிய எண்ணில் மயங்க வேண்டாம். 2000 மில்லி ஆம்பியர் மணி செல்லே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. 2500 என்று போட்டது அத்தனை தடவை சார்ஜ் தாங்காது.

நான்கு செல்லும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே உழைத்து, ஒன்றாகவே சார்ஜ் ஆக வேண்டும். நடுவில் இளைத்த செல் ஒன்று இருந்தால் மற்ற மூன்றும் அதைப் பிழிந்து கெடுத்துவிடும். என் செல்களில் 'அ', 'ஆ', 'இ' என்று அணி அணியாக எழுதி வைத்திருக்கிறேன். (பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.) சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிப்பதாக இருக்கவேண்டும், இரண்டிரண்டாகச் சார்ஜ் செய்யும் மலிவுச் சரக்கு ஆகாது.

இன்னொன்று. சீக்கிரம் தயாராகிறதே என்று முழு வெளிச்சத்தில் படபடவென்று அடித்தால் ஃப்ளாஷ் சூடேறும், முன்பக்க பிளாஸ்டிக்கே உருகக்கூடும். எஸ்பி-900 சூடானால் தானே வேலைநிறுத்தம் செய்துவிடும். ஐஎஸ்ஓவைக் கூட்டி, வெளிச்சத்தைப் பாதியாகவோ காலாகவோ குறைத்துக்கொள்ளுங்கள்.

செத்த செல்லைக் குப்பையில் போடாதீர்கள். பழைய நிக்கல் காட்மியம் செல்லில் உள்ள காட்மியம் விஷம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்தியதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு.

சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அந்த ஆல்கலைனே போதும். அங்கே யாருக்கும் அவசரமில்லை.