ஊர் உயிர்கள் – 9: ஒரு கிடாயும் ஐம்பது மறிகளும்

2022 மார்கழியில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தில் கரையேறியபோது யாழ்ப்பாணத்தில் பெரிய சேதம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விடியப் பார்த்தால் வடக்கிலும் கிழக்கிலும் வெளிகளில் மாடுகளும் ஆடுகளும் விறைத்துக் கிடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. தொற்று நோயாக இருக்குமோ என்ற பயத்தில், அந்த இரண்டு மாகாணங்களிலிருந்தும் வெளியே இறைச்சி கொண்டுபோக அரசு தடை போட்டது. பரிசோதனை முடிவு வந்தபோது காரணம் வெறும் குளிர். மழையும் காற்றும் சேர்ந்த, அந்த உடல்கள் பழகியிராத குளிர்.

காலி வீதியில் ஞாயிறு காலை பையோடு நிற்கும் வெள்ளவத்தைக்காரருக்கு அந்த இறைச்சித் தடை சில நாள் சிரமம். இந்தத் தொடரில் நாம் பார்த்துவரும் கணக்கில் அந்தச் சாவுகள் வேறொரு கேள்வி: ஓர் இனம் முழுவதும் ஒரே மூலையில் வாழ்ந்தால் என்ன ஆகும்?

அப்படி ஒரே மூலையில் வாழும் இனம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. யாழ்ப்பாணச் செம்மறி. இலங்கைக்கென்று இருக்கும் ஒரே நாட்டுச் செம்மறி இனம் இதுதான். ஆனால் ‘ஆட்டிறைச்சி’ என்று கேட்பவரின் மனதில் இருப்பது வெள்ளாடு. செம்மறி என்றால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. நாட்டில் வெள்ளாடுகள் இலட்சக்கணக்கில் இருக்க, செம்மறி சில ஆயிரங்களில் நிற்பதற்கு இந்த முகச்சுளிப்பும் ஒரு காரணம்.

படத்தில் பார்க்கும் சுருள் கம்பளி இதற்குக் கிடையாது. உடம்பெல்லாம் குட்டை மயிர். தூரத்தில் பார்த்தால் வெள்ளாடு என்றே தோன்றும். வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: வெள்ளாட்டின் வால் நிமிர்ந்து நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். உச்சி வெயிலில் இன்னும் எளிது. மரமில்லாத தரவையில் செம்மறிகள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றின் வயிற்று நிழலில் மற்றது தலையை நுழைத்தபடி அசையாமல் நிற்கும். இறைச்சிக்கு மட்டுமல்ல, எருவுக்காகவும்தான் யாழ்ப்பாணத்தில் இவற்றை வைத்திருந்தார்கள். புகையிலைத் தோட்டத்துக்கு ஆட்டெரு மாதிரி வேறில்லை என்று பழைய கமக்காரர் அடித்துச் சொல்வார்கள். நிலத்தில் பட்டி அடைத்து, இரவெல்லாம் அங்கேயே கிடக்க விடுவார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு, திருச்சி கருப்பு, நீலகிரி என்று தமிழ்நாட்டில் மட்டுமே ஒரு பட்டியல் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்து வேம்பூர் ஆட்டை ஊரார் ‘பொட்டு ஆடு’ என்பார்கள். வெள்ளை உடம்பில் செம்புள்ளிகள் திட்டுத் திட்டாக இருக்கும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிலையம் பதிவு செய்திருக்கும் இந்தியச் செம்மறி இனங்கள் நாற்பதைத் தாண்டும். ஒன்றுக்குச் சறுக்கினால் தாங்க இன்னொன்று இருக்கிறது. நமக்கு அந்தச் சொகுசு இல்லை.

சரி, சில ஆயிரம் என்பது குறைவான தொகையா? தலையை எண்ணினால் அவ்வளவு மோசமாகத் தெரியாது. மரபியலாளர் வேறு விதமாக எண்ணுவார். ஐம்பது மறியும் ஒரு கிடாயும் உள்ள பட்டியை எடுங்கள். மொத்தம் 51 தலை. கிடாய்த் தொகையையும் மறித் தொகையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 4. குட்டிகள் எல்லாவற்றுக்கும் தகப்பன் ஒன்றே என்பதால், மரபணுக் கணக்கில் அந்தப் பட்டி நாலு ஆட்டுக்குச் சமம். அதே ஐம்பது மறிக்கு ஐந்து கிடாய் விட்டால் விடை 18. நாலு என்ற நிலையில் ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு சுமார் 12 வீதம் கூடும். ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டைச் சேர்த்தால் வரும் குட்டியின் நிலைதான் இது. குட்டி மெலியும், சினை பிடிப்பது குறையும், நோய் தாங்கும் சக்தி விழும். இந்தக் கணக்கில் 50க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்பது உலக உணவு விவசாய அமைப்பின் வழிகாட்டல்.

பட்டிக்காரருக்கு இன்னொரு இக்கட்டு. திரண்ட கிடாய்க்குத்தான் நல்ல விலை. ஆகவே அது முதலில் சந்தைக்குப் போகிறது. மீந்த நோஞ்சான் பொலிகிடாய் ஆகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைக்குப் பள்ளிச் செலவு இருக்கிறது.

ஒரே மூலையில் இருப்பதன் ஆபத்தை இங்கிலாந்து 2001இல் அனுபவித்தது. கால்வாய் நோய் பரவ, அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். கம்பிரியா மலைகளிலேயே பெரும்பாலும் வாழும் ஹேர்ட்விக் செம்மறிகளில் கணிசமான பங்கு போய்விட்டது. அதன் பிறகுதான் விந்தை உறையவைத்துச் சேமிக்க ஓடினார்கள்.

இறைச்சி கூட வேண்டும் என்று வெளி இனக் கிடாய்களைக் கலக்கும் ஆசை எந்த நாட்டிலும் உண்டு. கலப்பதற்கு முன் சுந்தரவனத்துக் கரோல் செம்மறியின் கதையைக் கேட்டால் நல்லது. முழங்கால் தண்ணீரில் நின்று மேயும் குள்ள ஆடு. இறைச்சி வியாபாரி திரும்பியும் பார்க்கமாட்டார். அவுஸ்திரேலியாவில் பூருலா என்ற பண்ணையின் மெரினோக்கள் இரட்டையும் மூன்றுமாகக் குட்டி ஈன்று புகழ்பெற்றன. 2001இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு அதே மாற்றம் கரோலில் இருப்பது தெரிந்தது. 1792, 1793இல் கல்கத்தாவிலிருந்து கப்பலில் சிட்னி போன வங்காளச் செம்மறிகளின் சொத்து அது. மகாராஷ்டிரத்தில் பல்தானிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் அந்த மரபணுவை, வழக்கமாக ஒரு குட்டி ஈனும் தக்காணி ஆட்டுக்குக் கொண்டுவந்து, ‘நாரி சுவர்ணா’வை உருவாக்கியது. யாரும் மதியாத குள்ள ஆட்டின் இரத்தத்தில் இருநூறு வருடம் கிடந்த பொருள் அது. யாழ்ப்பாணச் செம்மறியின் இரத்தத்தில் என்ன கிடக்கிறது என்பதை, உறவில்லாத ஓர் ஐம்பது ஆடுகளின் இரத்தத்தை எடுத்து மரபுக் குறிகளை ஒப்பிட்டால் பார்க்கலாம்.

அதுவரை செய்யக்கூடியது ஆய்வுகூடம் வேண்டாத வேலை. இரண்டு வருடத்துக்கொரு முறை ஊருக்கு ஊர் கிடாயை மாற்றிக்கொள்வது. செலவு, ஒரு லாண்ட்மாஸ்டர் வாடகை.

அடுத்த வாரம்: மன்னார்க் கழுதைகள்.

(தொடரும்)