பழம்புத்தகக் கடையில் ஒரு துப்பறியும் நாவல்: பினாங்குப் படியொன்று உணர்த்துவன

பினாங்கு, ஜார்ஜ்டவுனிலுள்ள சௌராஸ்தா சந்தையின் மேல்தளப் பழம்புத்தகக் கடையொன்றில் அட்டையும் முகப்புத் தாளும் இழந்த தமிழ் நாவல் ஒன்று எமக்குக் கிட்டியது. நூலின் பெயரை அறிவதற்கே நாம் துப்பறிய வேண்டியிருந்தது. பக்கங்களின் தலைப்பில் ‘இராஜாம்பாள்’ என்னும் பெயர் இருந்தது. கதைக்குள் துப்பறிபவர் கோவிந்தன். ஆகவே இது ஜே. ஆர். ரங்கராஜு எழுதி 1908இல் முதலில் வெளிவந்த ‘இராஜாம்பாள்’ நாவலே எனத் தெளிந்தோம்.

தமிழில் துப்பறியும் கதை ரங்கராஜுவுடன் தொடங்கவில்லை. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894இலேயே வெளிவந்துவிட்டது. ஷெர்லக் ஹோம்ஸ் ஆங்கிலத்தில் அறிமுகமான 1887ஆம் ஆண்டிற்கு ஏழாண்டுகளே பிந்தியது அது. எனினும் இவ்வகைக் கதையைப் பெருந்திரளான வாசகரிடம் கொண்டு சேர்த்தோருள் ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் குறிப்பிடத்தக்கோராவர்.

எம் கைக்கு வந்த படி எக்காலத்தது? அதன் இறுதிப் பக்கத்தில் ரங்கராஜுவின் பிற நாவல்களுக்கான விளம்பரம் உள்ளது. ‘இராஜாம்பாள்’ அவரது முதல் நாவல். ஆதலின் இப்படி முதற்பதிப்பன்று. விலைகள் அணாவில் குறிக்கப்பட்டுள்ளன. இந்தியா தசம நாணய முறைக்கு மாறியது 1957 ஏப்ரலில். எனவே நூல் அதற்கு முற்பட்டதெனக் கொள்ளலாம். பழைய ‘லை’, ‘னை’ எழுத்து வடிவங்களும் காணப்படுகின்றன. ஆயின் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் 1978இல்தான் வந்தது என்பதால் இச்சான்று அணாவைப் போல் வலுவுடையதன்று.

நூல் எவ்வாறு இங்கு வந்தது என்பதற்கு நேர்ச்சான்று இல்லை. தமிழகத் துறைமுகங்களைப் பினாங்குடன் இணைத்த ‘ரஜுலா’ போன்ற கப்பல்கள் ஆட்களோடு அச்சேட்டையும் சுமந்து வந்த காலம் அது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளலாம்.

இப்படியின் உண்மையான மதிப்பு பின்னட்டையின் உட்புறத்தில் உள்ளது. இரவல் பெற்றோரின் பெயர்கள் ஆறு வேறு கையெழுத்துகளில் பென்சிலால் எழுதப்பட்டுள்ளன. இறுதிக் குறிப்பின் ஆண்டு 1951. இந்நாவல் ஆர். எஸ். மனோகர் நடிப்பில் திரைப்படமாக வந்த ஆண்டும் அதுவே. இரண்டிற்கும் தொடர்புண்டு எனத் துணிதல் இயலாது. ஆனால் ஒரு நூலை அறுவரேனும் படித்தனர் என்பது துணிபு. நூல்களின் விற்பனைக் கணக்கு மட்டும் கொண்டு மலாயாத் தமிழரின் வாசிப்பை அளக்க முயல்வோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

சென்னையில் 1994இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை இத்தகைய வெகுசன நூல்களைக் காத்து வருகின்றன. மறுபதிப்புகளும் கதையைக் காப்பாற்றும். ஆனால் பினாங்கில் ஒரு படியில் எழுதப்பட்ட ஆறு பெயர்களை எம்மறுபதிப்பும் தாங்கி வாராது. முதியோர் மறைந்தபின் வீடு காலி செய்யப்படும்போது முதலில் வெளியேறுபவை இத்தகைய அட்டையிழந்த நூல்களே. அவற்றைக் கழிப்பதற்கு முன் முதற்பக்கத்தையும் இறுதிப்பக்கத்தையும் ஒரு நிழற்படமேனும் எடுத்து வைப்பது இன்று எவர்க்கும் எளிது. மலேசியத் தமிழ் வாசகர் வரலாற்றை நாளை எழுதுவோர்க்கு அவையே முதன்மைச் சான்றாகும்.