குதிரையைப் பார்த்து வரைந்தால் மனம் ஏன் ஆறுகிறது?

மனம் உடைந்தவர்களைக் குதிரைகளோடு பழகவிடுவது இன்று பல நாடுகளில் சிகிச்சையின் ஒரு பகுதி. கையில் தூரிகையைக் கொடுத்து வரையச் சொல்வதும் அப்படித்தான். இரண்டும் தனித்தனித் துறைகளாக வளர்ந்துவிட்டன. பயிற்சியும் வேறு, நிபுணர்களும் வேறு. இரண்டும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சேர்ந்தால் என்ன நடக்கும்? இதைத் தெரிந்துகொள்ள, இந்தத் துறைகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்துவிட்டுப் போன ஓவியர் ரோசா போனரைப் பார்க்க வேண்டும்.

1822இல் பிரான்ஸின் போர்தோ நகரில் பிறந்தவர். அப்பா ஓவிய ஆசிரியர். குழந்தைக்கு எழுத்து மட்டும் ஏறவே இல்லை. பென்சிலும் தாளும் கொடுத்தால் மணிக்கணக்கில் உட்காரும். படிக்கக் கூப்பிட்டால் ஓடிவிடும். அம்மா சோபி இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தொடங்கும் பெயருடைய ஒரு விலங்கை வரைந்துவிட்டு வரச் சொன்னார். மகள் வரைந்தாள், எழுத்தும் வந்தது. அந்த அம்மா 1833இல், ரோசாவுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, பாரிஸில் வறுமையிலும் ஓயாத உழைப்பிலும் இறந்துபோனார். தனிக் கல்லறைக்கும் வீட்டில் பணம் இல்லை.

அதன்பிறகு அந்தப் பெண் எந்தப் பள்ளியிலும் நிலைக்கவில்லை. தையல் வேலைக்கு அனுப்பிப் பார்த்தார்கள், அங்கும் ஒட்டவில்லை. கடைசியில் அப்பா தன் ஓவியக்கூடத்திலேயே ஒரு மூலையைக் கொடுத்தார். அவள் விலங்குகளை வரையத் தொடங்கினாள். மாடிக் குடியிருப்பில் ஓர் ஆட்டை வளர்த்து அதைப் பார்த்து வரைந்தாள். உடலமைப்பு தெரிய வேண்டும் என்று, பெண்கள் எட்டிப் பார்க்காத கசாப்புக் கூடங்களுக்கும் போனாள். அம்மாவின் சாவைப் பற்றி ஒரு படமும் வரையவில்லை. அம்மா கைபிடித்துக் கொடுத்த வழியை மட்டும் விடவில்லை.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கலை மனதை ஆற்றும் என்றதும், துயரத்தை எல்லாம் தாளில் கொட்டிவிடுவது என்றே பலரும் நினைக்கிறோம். அதுவும் ஒரு வழிதான். ரோசாவின் வழி வேறு. துக்கம் மனதை ஒரே இடத்தில் சுற்றவைக்கும்; நடந்ததையே திரும்பத் திரும்ப எடுத்து வைக்கும். எதிரே உயிருள்ள ஒன்று நின்று, அதைச் சரியாகப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், அந்தச் சுற்று கொஞ்ச நேரமாவது நிற்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் நாளுக்கு நாள் சேர்கிறது.

முப்பது வயதில் அவர் எடுத்துக்கொண்ட வேலை ‘குதிரைச் சந்தை’ ஓவியம். பாரிஸில் மருத்துவமனைச் சாலை என்றே பெயர் கொண்ட அகலத் தெருவில், மரங்களின் நிழலில் அந்தச் சந்தை கூடும். வாரம் இரண்டு முறை என்று ஒன்றரை ஆண்டுக்காலம் அங்கே போய் வரைந்தார். பாவாடையோடு போனால் சந்தைக்காரர்கள் நிம்மதியாக நிற்க விடமாட்டார்கள் என்று கால்சட்டையும் தொளதொளச் சட்டையும் போட்டுக்கொண்டார். அன்று பாரிஸில் பெண் ஆணுடை அணிய வேண்டுமானால் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1800இலிருந்து இருந்த விதி அது. 1857இல் அவருக்குக் கொடுத்த சீட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் காரணம்: உடல்நலம்.

1853இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்தப் படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 8 அடி உயரம், 16½ அடி நீளம். விற்பனைக்கு வந்த குதிரைகளை வாங்குவோர் முன் ஓட்டிக் காட்டுகிறார்கள். பெர்ஷ் வட்டாரத்துப் பாரக் குதிரைகள். கழுத்து தடித்து, பின்தொடை உருண்டு, வண்டியிழுக்கப் பிறந்தவை. நடுவே ஒரு வெள்ளைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. அதன் வாயில் கயிறு இறுகுவதும், பிடித்திருப்பவனின் தோள் இழுபடுவதும் தெரிகின்றன. காலடியில் புழுதி. அந்தக் கூட்டத்தின் நடுவில் தொப்பி போட்ட ஒரு முகம் நம்மை நேராகப் பார்க்கிறது. அது ரோசாவேதான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

படத்தின் பின்னணியில், மரங்களுக்கு அப்பால், சால்பெத்ரியர் மருத்துவமனையின் குவிமாடம். மனநோயுற்ற பெண்களை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்த இடம் அது. அந்தச் சுவருக்கு வெளியே ஒரு பெண் தனக்கு வேண்டிய உடையில், தனக்கு வேண்டிய இடத்தில் நின்று, குதிரைகளை வரைந்துகொண்டிருந்தாள். இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் குவிமாடத்துக்குத்தான் போகிறது.

சரி, குதிரையிடம் அப்படி என்ன இருக்கிறது? நாயையோ பூனையையோ வரைந்தால் ஆகாதா? ஆகும். ஆனால் குதிரைக்குச் சில தனிக் குணங்கள் உண்டு. அது வேட்டையாடப்படும் விலங்கு; மந்தையாக வாழ்ந்து, ஆபத்தை முன்கூட்டியே கண்டு ஓடித் தப்பித்த இனம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும்தான் குருட்டிடம். காதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் திரும்பும். பக்கத்தில் நிற்பவரின் நடை, தோள், மூச்சு எல்லாவற்றையும் அது கவனித்துக்கொண்டே இருக்கிறது. 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைக் குதிரைகள் பெரும்பாலும் இடக்கண்ணால் பார்த்தன; அவற்றின் இதயத்துடிப்பும் சீக்கிரம் ஏறியது.

அதனால் படபடப்போடு போய்க் குதிரையின் அருகில் நின்றால் அது நகர்ந்துவிடும். மூச்சு நிதானப்பட்டால் நிற்கும். நாம் எப்படி வந்திருக்கிறோம் என்பதை அது அப்போதே சொல்லிவிடுகிறது. அதில் பழிப்பும் இல்லை, ஆறுதல் வார்த்தையும் இல்லை. மனிதர்களிடம் அடிபட்டு, மனிதர்களின் ஆறுதலையும் நம்ப முடியாமல் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

உடலுக்கும் ஒரு பயன் உண்டு. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அசைகிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு, மனிதர் நடக்கும்போது எப்படி அசையுமோ ஏறக்குறைய அதேபோல் அசையும். நடக்க முடியாதவருக்குக் குதிரை அந்த நடையின் அசைவைக் கொடுக்கிறது. டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் 1944இல் கருவுற்றிருந்தபோது போலியோவால் முடங்கினார். முழங்காலுக்குக் கீழே உணர்வும் வலுவும் திரும்பவே இல்லை. குதிரையில் ஏறி இறங்க ஆள் துணை வேண்டும். அவர்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு பெண்களும் குதிரைநடைப் போட்டியில் கலந்துகொள்ள அனுமதிக்கப்பட்ட முதல் தடவையே, வெள்ளி வென்றார். 1956இலும் வென்றார். ஐரோப்பாவில் குதிரையேற்றச் சிகிச்சை பரவியதற்கு அவர் பெரிய காரணம்.

வரைவதற்கு வருவோம். காசநோயால் 1938இல் இங்கிலாந்தில் ஒரு சானடோரியத்தில் படுத்திருந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், பொழுது போகாமல் கட்டிலில் இருந்தபடியே வரைந்தார். மனம் தேறுவதை உணர்ந்து, மற்ற நோயாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரை 1942இல் வைத்தவர் அவர். பிலடெல்பியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பெரியவர்களை 45 நிமிடம் வரையவும் களிமண் பிசையவும் விட்டுவிட்டு உமிழ்நீரைச் சோதித்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவரா, தெரியாதவரா என்பதால் வித்தியாசம் எதுவும் இல்லை. 2016இல் வெளியான சிறிய ஆய்வுதான். மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூக்கமே வராமல், வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு மனம் கனத்திருப்பவர் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். குதிரையும் வண்ணமும் மாத்திரைக்குத் துணை நிற்கும். மாத்திரையின் இடத்தை எடுத்துக்கொள்ளாது. குதிரையேற்றத்துக்கும் இது பொருந்தும். முதுகெலும்பிலோ இடுப்பிலோ கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

ரோசாவின் வாழ்க்கையில் இரண்டாவது பேரிழப்பு 1889 ஜூனில் வந்தது. சிறு வயதிலிருந்தே தோழியாக இருந்து, பிறகு வாழ்நாள் துணையாக வீட்டையும் விலங்குகளையும் கவனித்துக்கொண்ட நதாலி மிகா இறந்துபோனார். ரோசாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. ஃபோன்தென்புளோ காட்டை ஒட்டிய பெரிய வீட்டில் தனித்துப்போனார். தூரிகையை எடுக்கவே மனம் வரவில்லை.

அந்த ஆண்டுதான் பாரிஸில் உலகக் கண்காட்சி. ஈஃபில் கோபுரம் திறந்த ஆண்டு. பஃபலோ பில் என்று பெயர் பெற்ற வில்லியம் கோடி, குதிரைகள், காட்டெருமைகள், அமெரிக்கப் பழங்குடி வீரர்கள் என்று பெரிய கூட்டத்தோடு வந்து நகரின் ஓரத்தில் முகாம் போட்டிருந்தார். உள்ளே வந்து தாராளமாக வரையலாம் என்று ரோசாவை அழைத்தார். ரோசா போனார், மறுபடி மறுபடி போனார். கூடாரங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து குதிரைகளையும், அவற்றில் சேணமில்லாமல் ஏறுபவர்களையும் வரைந்தார். கோடியை வெள்ளைக் குதிரைமேல் வைத்து அவர் தீட்டிய படம் அமெரிக்காவின் வயோமிங்கில், கோடியின் பெயரையே கொண்ட ஊரில் இருக்கிறது. முப்பது வயதில் சந்தையில் செய்ததையே அறுபத்தேழில் முகாமில் செய்தார். பிறகு பத்தாண்டுகள், 1899இல் சாகும்வரை, வேலையை விடவில்லை.

நம் ஊரில் குதிரை, கலை, நோய் தீர்தல் மூன்றும் சேரும் இடம் ஒன்று பழங்காலம்தொட்டு இருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஐயனார் கோயில்களின் புரவி எடுப்பைச் சொல்கிறேன். பிள்ளைக்கு உடம்பு தேறினால் குதிரை செய்து வைக்கிறேன் என்று நேர்ந்துகொள்கிறார்கள். ஊரார் பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) கொடுத்த பிறகே குயவரான வேளார் வேலையைத் தொடங்குவார். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, நான்கு கால்களையும் உள்ளே பொள்ளலாக உருட்டி நிறுத்தி, அவற்றின் மேல் வயிற்றையும் கழுத்தையும் சிறுகச் சிறுக ஏற்றுவார். ஈரம் வற்ற வற்றத்தான் அடுத்த அடுக்கு; அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் சாய்ந்துவிடும். சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்து, தோளில் தூக்கி ஊர் கூடிக் கொண்டுபோவார்கள். நேர்ந்துகொண்டவர் செய்வது குறைவுதான் என்று தோன்றலாம். ஆனால் தன் வீட்டுக் கவலை ஒரு குதிரையாகத் திரண்டு, ஊரே அதைச் சுமந்து போவதை அவர் கூட நடந்து பார்க்கிறார். அந்த நேரத்தில் அவர் தனியாக இல்லை.

நீங்கள் தொடங்க விரும்பினால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு மென்பென்சில், கையில் அடங்கும் நோட்டு போதும். ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் எல்லாம் வரும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மெரினாவிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ நிற்கும் குதிரைகளைப் பார்க்கலாம். உயிருள்ள குதிரை பயமாக இருந்தால் ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்களில் பாயும் கற்குதிரைகள் நாள் முழுக்க அசையாமல் நிற்கும்.

உயிருள்ள குதிரை என்றால், குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டு, குதிரையின் தோள் பக்கமாக, அதன் கண்ணில் படும்படி நெருங்குங்கள். பின்னால் போய் நிற்காதீர்கள். காது இரண்டும் பின்னோக்கி ஒட்டிப் படிந்திருந்தால் அதற்குக் கோபம்; விலகிவிடுங்கள். ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றியிருந்தால் ஓய்வாக இருக்கிறது என்று பொருள். வரைய அதுதான் நல்ல நேரம். காதிலிருந்து கழுத்து வழியாக முதுகு வரை போகும் ஒரே கோட்டை முதலில் பிடியுங்கள். குதிரை அசைந்தால் அதே பக்கத்தில் அடுத்த படத்தைத் தொடங்குங்கள். பழைய நிலைக்குத் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து போடலாம். பக்கம் முழுக்க அரைகுறைக் குதிரைகளாக நிறைந்தால் நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். குதிரை எலும்பு தெரிய மெலிந்தோ, காலில் புண்ணோடோ நின்றால் சவாரி போகாதீர்கள்; சவாரிக் காசை வைத்தியத்துக்கு என்று கொடுத்துவிட்டு வரையுங்கள். அதன் பெயரைக் கேட்டுத் தாளின் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் அதே குதிரையிடமே போங்கள்.