இருந்து கற்பித்தல்

காலையிற் பாயைவிட்டெழுந்து வைக்கும் முதலடியிலேயே குதிக்காலில் முள்ளேறினாற்போன்ற நோவு உண்டாகின்றது. சீமெந்துத் தரையில் நின்றே பல்லாண்டு இலக்கணம் கற்பித்தவன் யான். 1820இல் ஸ்கடர் வைத்தியர் மேனாட்டு மருத்துவப் பணி தொடங்கிய பண்டத்தரிப்பிலே, எனக்கு அதன் காரணத்தை ஒரு வைத்தியர் நற்றமிழில் விளக்கினார். குதியெலும்பிலிருந்து விரலடிவரை உள்ளங்காலைத் தாங்கும் நார்ப்பட்டை ஓயாத பாரத்தால் நைகின்றது. இரவில் இறுகியது காலையில் இழுபடுகின்றது. எழுமுன் கால்விரல்களை முகம்நோக்கி இழுத்துப் பிடித்தல், மெத்தென்ற செருப்பணிதல், நெடுநேரம் நில்லாமை ஆகியவை பரிகாரம். பலர்க்கு ஓராண்டளவில் தணியும். எனக்கோ இன்னும் தணிந்திலது.

நில்லாமையே அரிதாயிற்று. இருந்து கற்பித்தலைச் சோம்பலெனக் கருதுவார் உளர். பவணந்தி முனிவரோ நன்னூற் பொதுப்பாயிரத்தில், ஆசிரியன் தக்கவிடத்து இருந்தே கற்பிக்குமாறு விதித்தார். ஆதலின் நாணாது நாற்காலியில் அமர்கின்றேன்; பாடமும் குறைவின்றி நடைபெறுகின்றது.