பிரெமன் கப்பலும் இரண்டு கொடிகளும்

ஒரு தேசத்தின் மானத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியுமா? ஜெர்மனி அனுப்பியது. அந்த மானம் என்னவாயிற்று என்பதை நாம் சிறிது பார்ப்போம்.

முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனி, 1919-ம் வருஷத்து வெர்சேல்ஸ் உடன்படிக்கையின்படி, 1,600 டன்னும் அதற்கு மேற்பட்டதுமான தன் வர்த்தகக் கப்பல்களையெல்லாம் ஒப்புவித்துவிட்டு வெறுங்கையுடன் நின்றது. அவ்வாறு நின்ற தேசத்தில், 1928-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி, ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் முன்னிலையில் 'பிரெமன்' நீரில் இறங்கியது. 51,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல். நீர்மட்டத்துக்குக் கீழே அதன் முகப்பு குமிழ்போல் பருத்திருந்தது. நீரின் தடையைக் குறைப்பதற்குச் செய்த யுக்தி அது.

1929 ஜூலையில் முதற் பிரயாணம். பிரான்ஸின் ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து நியூயார்க் முகத்துவாரத்தை 4 நாள் 17 மணி 42 நிமிஷத்தில் அடைந்தது. பிரிட்டனின் 'மாரிடேனியா' இருபது வருஷமாகக் காத்துவந்த வேகப் புகழ் கைமாறிற்று. துளி ரத்தம் சிந்தாமல், கொல்லரும் தச்சரும் எஞ்சினியரும் ஈட்டித் தந்த வெற்றி அது. அந்தப் பெருமிதத்தை நாம் குறைகூற மாட்டோம்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கப்பல் அதேதான், அதில் நாஜிக் கட்சியின் ஸ்வஸ்திகக் கொடியும் ஏறிற்று. 1935 ஜூலை 26-ந் தேதி இரவு, நியூயார்க்கில் நாஜிகளை எதிர்த்தவர்கள் கப்பலில் ஏறி, அக்கொடியைப் பிடுங்கி ஹட்ஸன் நதியில் எறிந்தார்கள். அவமதிக்கப்பட்டது கட்சிக் கொடியே, தேசக் கொடி அன்று என்பது அமெரிக்கத் தரப்பின் வாதம். செப்டம்பர் 15-ந் தேதி நூரெம்பர்கில் பதில் பிறந்தது: கட்சிக் கொடியே தேசக் கொடி என்று சட்டம் செய்தார்கள். யூதர்களின் பிரஜா உரிமையைப் பறித்த சட்டமும் அதே நாளில்தான் பிறந்தது.

1939-ல் யுத்தம் மூண்டபோது, பிரயாணிகள் இன்றி நியூயார்க்கை விட்டுக் கிளம்பியிருந்த 'பிரெமன்', வடதிசைக் கடல்களில் பதுங்கி ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் சேர்ந்து, டிசம்பரில் ஊர் திரும்பியது. எதிரியிடம் அகப்படாத அக்கப்பலை, 1941 மார்ச்சில் பிரெமர்ஹேவன் துறையிலேயே, அதில் ஊழியம் செய்த ஓர் இளைஞன் தீயிட்டான். எரிந்தது போக எஞ்சிய இரும்பை உடைத்து எடுத்துக்கொண்டார்கள்.

தேசத்தின் பெருமை, அதை உழைத்துச் சம்பாதித்தவர் அனைவருக்கும் உரியது. ஒரு கட்சி தன்னையே தேசம் என்று சொல்லிக்கொள்ளத் துணியும் நாளில், அந்தப் பெருமை பறிபோகிறது. வேஸர் நதியில் ஓதம் வடியும் வேளைகளில், 'பிரெம'னின் அடித்தளத்து எச்சங்கள் சேற்றில் இன்றும் தென்படுகின்றன.